இலைக்கறிக்கு அடியில் ஒரு சோகி

"டிக்" என்று ஒரு சத்தம். இனாமல் தட்டில், இலைக்கறிக்கு அடியில் கிடக்கும் சோகி, அந்தச் சின்னக் கடற்சோழி, விரல் பட்டு உருளும் சத்தம் அது. பெரியகல்லாற்றில் வாவிக்கரை வீட்டில் நானும் தம்பியும் சோறு தின்ற காலமெல்லாம் அந்தச் சத்தத்துக்குத்தான் காது கொடுத்திருந்தோம்.

தம்பிக்கு "மாலைக்கண்". பொழுது சாய்ந்தால் கிணற்றடியில் நிற்கும் என்னைக்கூட அவனுக்குத் தெரியாது. கையால் தடவிக்கொண்டுதான் வருவான். முருங்கை இலையும் பொன்னாங்கண்ணியும் கொடுக்கச் சொன்னார் வைத்தியர்; அவனோ இலையைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வான். அடித்தும் கெஞ்சியும் தோற்ற அம்மா, தானாகவே ஒரு வழி கண்டார். கடற்கரையில் பொறுக்கிய சோகியைக் கழுவித் தட்டில் வைத்து, மேலே இலைக்கறியால் மூடிவிடுவார். தின்று முடித்தால் சோகி அவனுக்கு. சோகிகளால் ஒரு சிரட்டை நிறைந்தால், அப்பா மாலையில் வலை போடப் போகும்போது தோணியின் முன்பக்கத்தில் அவனுக்கு இடம்.

"கோழி மாதிரிக் கிண்டாத மனே, தின்னு. அது தன்பாட்டில வரும்" என்பார் அம்மா.

"அக்காட தட்டில பெரிய சோகி வெச்சிருக்கீங்க" என்று அவன் சண்டை பிடிப்பான்.

சிரட்டை நிறைந்துவரும் நாட்களில், ஒரு "மம்மல்" நேரம், பொழுது இருண்டுகொண்டு வர, முற்றத்தில் நின்று சொன்னான்: "அக்கா, அங்கால கரையில விளக்குத் தெரியுது." அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அந்த விளக்கைப் பாராமல் அவன் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரட்டையும் நிறைந்தது. தோணியில் ஏறினான், அதன் பிறகு அவன் ஏறாத மாலை இல்லை.

சோளகக் காற்றுப் புரட்டிய ஒரு மாலையில் தோணி கவிழ்ந்தது. அப்பா நீந்திக் கரைசேர்ந்தார். தம்பி கிடைக்கவே இல்லை.

"இலையைத் தீத்தித் தீத்தி நான்தானே கண்ணக் குடுத்தன். இல்லாட்டி வீட்டுலதானே இருந்திருப்பான்." அம்மா சொன்னது அவ்வளவுதான். சிரட்டையை வாவியில் கவிழ்த்துவிட்டு வந்தார். ஆனாலும் இலைக்கறி சமைப்பதை நிறுத்தவில்லை. மற்றப் பிள்ளை நான் இருந்தேனே. ஒருநாள் நான் தின்றுகொண்டிருக்க, "டிக்" என்று கேட்டது. நிமிர்ந்தேன். அம்மாவும் அகப்பையோடு அப்படியே நின்றார்.

"நான் வைக்கல்ல புள்ள" என்றார்.

சோற்றை விலக்கிப் பார்த்தோம். வெறும் தட்டு.

இப்போது எனக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் கோடு போட்டுப் பிரித்த பிளாஸ்டிக் தட்டொன்று தந்திருக்கிறார்கள். பாதித் தட்டுப் பச்சை நிறம், அதில் இலைக்கறி மட்டும். சீனி குறைந்து வருகிறவர்களுக்குப் பரிசும் உண்டு. போன மாதம் எனக்குக் குடை கிடைத்தது.

"இதெல்லாம் புது முறை அம்மம்மா" என்றார் மருந்து கொடுக்கும் மிஸ்ஸி.

"எங்கட அம்மா இத எப்பவோ செஞ்சிட்டா" என்றேன். பிறகு நடந்ததை அவருக்குச் சொல்லவில்லை.

வாவிக்கரை வீடும் இல்லை, இனாமல் தட்டும் இல்லை. பிளாஸ்டிக்கில் எதுவும் சத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பச்சைப் பக்கத்தின் கடைசிப் பிடியை எடுக்கையில் என் விரல் நின்றுவிடுகிறது. காது கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.