வாயாடிக்கு ஒரு குரல்

வதனாவுக்கு அந்த விளையாட்டின் மேல் ஏகப்பட்ட குறைகள். வாளெடுத்துப் போருக்குப் போகிற பெண்ணுக்கு இடுப்பை மட்டும் திறந்துவிட்டுக் கவசம் தைத்தவனை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பாள். தினமும் தலைகாட்டினால்தான் பரிசு என்பது என்ன, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவா என்பாள். ஆனால் அடிபட்டு விழுந்தவன் தானாக எழ முடியாது, இன்னொருவன் ஓடிவந்து தூக்கிவிட வேண்டும் என்று விதி வைத்தவனை மட்டும் மனமாரப் புகழ்வாள். அவன் பெற்றோர் நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறார்கள் என்பது அவள் தீர்ப்பு.

இணையத்தில் ஊர் ஊராக ஆட்கள் கூடி ஆடுகிற மாயாஜால விளையாட்டு அது. ஆங்கிலத்தில் முழ நீளப் பெயர். தமிழ் ஆட்டக்காரர்கள் ‘கோட்டை’ என்று சுருக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கோட்டையின் உள்மண்டபத்திலும் ஓர் அரக்கன் இருப்பான். குழுவாகப் போய் அவனை வீழ்த்த வேண்டும். சனிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு குழுவுக்கு, யார் எங்கே நிற்பது, எப்போது பாய்வது என்று தட்டச்சிலேயே ஆணையிட்டு நடத்துகிறவள் வதனா. அங்கே அவள் பெயர் வாயாடி. அவள் எழுதுகிற வேகத்தைப் பார்த்து, இந்த அக்கா நேரில் வாயைத் திறந்தால் ஊரே கூடிவிடும் என்று மற்றவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவள் அதை மறுக்கவில்லை. அப்படி நினைத்துக்கொள்ளட்டுமே என்று ஆசையாகக்கூட இருந்தது.

உண்மையில் தெங்கேராவில் இருக்கும் அவள் வீட்டின் கூடத்திலிருந்து அவள் பேசினால் சமையலறைக்கு எட்டாது. கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தபோது குரல் நரம்பு கெட்டுவிட்டது. மிஞ்சியது காற்று மாதிரி ஒரு முணுமுணுப்பு. கணவர் காண்டீபன் இலங்கைத் தமிழர் வழி வந்தவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், காது மந்தம், காதுக்கருவியை அலமாரிக்குள் பத்திரமாக வைத்திருப்பவர். அவளுக்குக் குரல் இல்லை, அவருக்குக் காது இல்லை. குடித்தனம் கைச்சாடையில் ஓடியது. தொலைபேசியில் பேசினால் எதிரில் இருப்பவர்கள் இரண்டு முறை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். உம்பாய் மீனவர் கிராமத்துக்கு மீன் வாங்கப் போனால் கடைக்காரர் இரக்கத்தோடு குனிந்து காதைக் கொடுப்பார். அந்தக் குனிதலைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அவள் குரலால் பிழைத்தவள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ‘அவர் திருடவில்லையாம்’ என்று சொல்லக்கூடாது. ‘நான் திருடவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். பேசுகிறவர் யாரோ, அவராகவே நின்று பேச வேண்டும். அப்படி வதனா திருடனாக இருந்திருக்கிறாள், மனைவியை அடித்தவனாக இருந்திருக்கிறாள். லாரி மோதி மகனைப் பறிகொடுத்த ஒரு தாயாகவும் ஒருநாள் நின்று, ‘நான் அவனுக்குச் சோறு போட்டு வைத்திருந்தேன்’ என்று குரல் பிசகாமல் சொன்னாள். மொழிபெயர்ப்பவர் அழக்கூடாது. கழிவறைக்குப் போய்த்தான் அழுதாள்.

இத்தனை பேருக்காக ‘நான்’ சொன்னவளுக்குத் தன்னுடைய ‘நான்’ சொல்லக் குரல் இல்லாமல் போயிற்று. வேலையை விட்டாள். பினாங்குக்கு வேலைக்குப் போன மகன் பிரஷாந்த் விட்டுச்சென்ற கணினியில் பொழுதுபோக்காகத் தட்டிப் பார்த்துத்தான் கோட்டைக்குள் நுழைந்தாள். அங்கே யாரும் குனியவில்லை. அவள் எழுத்து மற்றவர்கள் எழுத்தின் அளவிலேயே தெரிந்தது.

பழைய வேலையின் புத்தி அங்கேயும் போகவில்லை. சண்டைக்கு முன் அரக்கன் தன் கதையைச் சொல்வான். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போகலாம். வதனாவின் குழுவில் அது நடக்காது. கூண்டில் நிற்பவன் வாக்குமூலத்தைக் கேட்காமல் தண்டனையா என்று எழுதுவாள். குழுவில் இளையவனான புவனேஷ் கொட்டாவி விடுகிற படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருப்பான்.

இந்த நிலையில்தான் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். திரை சுத்தமாக இருக்க வேண்டுமாம். உள்மண்டபத்தில் இனிமேல் குழுவுக்கு எழுத முடியாது, பேசத்தான் வேண்டும். வதனா அவர்களுக்கு எழுதிய நீண்ட எதிர்ப்புக்கு, நன்றி சொல்லி ஒரு தானியங்கி பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை எல்லாருடைய குரல்களும் முதல்முறையாகக் கேட்டன. வதனா வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள், ஒருவர் வழியில் ஒருவர் விழுந்தார்கள், தூக்கிவிட ஆளில்லாமல் அத்தனை பேரும் செத்தார்கள்.

“அக்கா, ஒரு மைக் வாங்குங்கலா,” என்றான் புவனேஷ். “பசார் மாலாம் ராத்திரிச் சந்தைல கூட விக்கிறான். சும்மா கோவிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி?”

மண்டபத்துக்கு வெளியே வந்ததும், தனக்கு வேலை இருக்கிறது, வேறு தலைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுக் கணினியை அணைத்தாள். அன்று சாப்பாடு இறங்கவில்லை. என்ன என்று காண்டீபன் சாடையில் கேட்டதற்கு, தலைவலி என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். ஐம்பது வயது தாண்டியவள் ஒரு விளையாட்டுக்காக அழுகிறாள் என்று யாரிடம் சொல்வது?

மறுநாள் மத்தியானம் தினேஷ்வரனிடமிருந்து தனிச்செய்தி வந்தது. குழுவில் அவன்தான் நிதானமானவன். புலாவ் செபாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் காத்திருக்கும்போது கைப்பேசியில் ஆடுவான். ஏன் போகிறீர்கள் என்று அவன் கேட்டிருந்தான். வதனா மூன்று பொய்களை எழுதி அழித்தாள். பிறகு, எப்படியும் போகப்போகிறவள்தானே என்று உண்மையை எழுதினாள்.

இடையில் லாரி வரிசை நகர்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் பதில் வந்தது: “உள்மண்டபத்துல தனிச்செய்திய அவங்க இன்னும் நிறுத்தலக்கா. நீங்க எனக்கு மட்டும் எழுதுங்க. நான் வாயால சொல்லிடறேன். எனக்கு நல்ல தொண்டை.”

இன்னொருவருக்குப் பாரமாக இருக்க அவளுக்கு மனமில்லை. ஆனால் சனிக்கிழமை மாலை கை தானாகக் கணினியைத் திறந்தது.

தினேஷ்வரனுக்கு உண்மையிலேயே நல்ல தொண்டை. ஆனால் கூச்சம். “அக்கா சொல்றாங்க, புவனேஷ இடது பக்கம் போகச் சொல்றாங்க, நம்மள பின்னால...” என்று அவன் சுற்றி வளைப்பதற்குள் அரக்கன் மூன்று பேரைச் சாய்த்துவிட்டான். மறுபடியும் தோல்வி. தினேஷ்வரன் மன்னிப்புக் கேட்டான். வதனாவுக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை, தன்னைப் பற்றி மூன்றாம் மனுஷி மாதிரிப் பேசக் கேட்டதில். வேகமாக எழுதினாள்: “‘அக்கா சொல்றாங்க’ வேணாம். ‘நான்’னு சொல்லு. நான் எழுதறத அப்படியே சொல்லு. அதுதான் முறை.”

“ஐயோ, நான் எப்படிக்கா நீங்களா...”

“நான் திருடனாவே இருந்திருக்கேன். நீ ஒரு அக்காவா இருக்கலாம்.”

மறுபடி உள்ளே போனார்கள். அரக்கன் கதையைத் தொடங்கினான். யாரோ தாண்டிப் போகலாம் என்றார்கள். தினேஷ்வரனின் லாரிக்காரக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது: “யாரும் தாண்டக்கூடாது. நான் அவன் பேசறதக் கேக்கணும்.”

எல்லாரும் நின்றார்கள். அரக்கன் சொல்லி முடித்தான். மறுபடி தினேஷ்வரனின் குரல் வந்தது: “நான் கதவுக்கிட்ட நிக்கிறேன். புவனேஷ், நீ என் வலது பக்கம். நான் சொன்னதும் பாயணும், முன்னால இல்ல.”

“அண்ணே, இது நீங்களா, அக்காவா?” என்று புவனேஷ் முதலில் குழம்பினான். கொஞ்ச நேரத்தில் குழம்ப நேரமில்லாமல் போயிற்று. அந்தக் கரகரத்த ஆண்குரலுக்கு, “சரிக்கா,” “வந்துட்டேங்கா,” என்று பதில் சொல்லத் தொடங்கினான். அவன் விழுந்தபோது வதனாதான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள். அரக்கன் சாய்ந்தான்.

ஆரவாரம் அடங்கியதும் வதனா தினேஷ்வரனுக்கு இன்னொன்றும் எழுதினாள். அவன் அதை அவள் எழுதியபடியே சொன்னான்:

“நான் கோவிச்சிக்கிட்டு உக்காரல, புவனேஷ். ஆபரேஷன்ல என் குரல் போயிருச்சு. எனக்கு மைக் வாங்கியும் பிரயோசனம் இல்ல. நான் முன்ன... நல்லா பேசுவேன்.”

கடைசி இரண்டு சொற்களில் அவன் குரல் உடைந்தது. மன்னிச்சிருங்கக்கா என்றான் புவனேஷ். தினேஷ்வரன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. வதனா அவசரமாகத் தட்டினாள். அவன் அதையும் விடாமல் வாசித்தான்:

“மொழிபெயர்க்கிறவர் அழக்கூடாது.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வதனா சத்தமில்லாமல் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கழிவறைக்கு ஓடவில்லை.

அவள் தோளுக்குப் பின்னால் காண்டீபன் நின்றிருந்தார். அவர் காதுக்கே எட்டுகிற அளவுக்கு இருந்தது அந்தக் குரல்.

“ஆர் வதனா இது, இவ்வளவு சத்தமாய்க் கதைக்கிறது?” என்று கேட்டார்.

வதனா திரும்பி அவர் கையைப் பிடித்துத் தன் கழுத்துத் தழும்பின் மேல் வைத்தாள். “நான்,” என்றாள்.