தொப்பிக்காரிக்காக நேர்ந்த சேவல்

உக்குவளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒரு புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை இங்கிலீசில் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். இதை நானே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது முழு உண்மை இல்லை. அந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கமே கிடையாது.

துரை சீமைக்குப் போனபோது பங்களாச் சமையல்காரர் கழித்த சாமான்களோடு அதை அம்மாவிடம் அடுப்பெரிக்கக் கொடுத்தார். மாத்தளையில் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், அம்மா புத்தகத்தின் பின்பக்கமிருந்து கிழித்து இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுவிட்டாள். மிச்சத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி பேன் பார்ப்பார்கள். நான் வாசற்படியில் அமர்ந்து கதையைத் தமிழில் சொல்வேன். கதை நடப்பது, பழைய மகாராணி போய் அவளுடைய மகன் ராசாவாக இருந்த காலத்தில். ஆனால் அது சரித்திரப் பாடத்தில் வரும் இங்கிலாந்து அல்ல. அங்கே தெருவிளக்கை மந்திரம் சொல்லித்தான் ஏற்றுவார்கள். மோட்டார் வண்டிக்கு இடியைப் போத்தலில் அடைத்து ஊற்றுவார்கள். பனிமூட்டத்தை விலைக்கு விற்கும் ஒரு மந்திரவாதி, தாயில்லாத பதினாறு வயதுப் பெண்ணின் அப்பாவைக் கடத்திக்கொண்டு போகிறான். அவள் செத்துப்போன அம்மாவின் தொப்பி ஊசியை எடுத்துக்கொண்டு பறக்கும் கப்பலில் ஏறுகிறாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவளுக்குப் பெயர் தொப்பிக்காரி.

தெரியாத சொற்களை என் இஷ்டத்துக்குக் கடந்தேன். இடுப்பை இறுக்கிக் கட்டும் உடுப்பு ஒன்று வந்தபோது, "இடுப்புல இரும்புப் பட்ட போட்டிருக்கா" என்றேன்.

"ஏன், நாரி வலியா?" என்றாள் எதிர் லயத்துப் பெரியம்மா, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"ஆமா," என்றேன். அதற்குப் பிறகு கதை முழுக்கத் தொப்பிக்காரி நாரி வலியோடுதான் பறந்தாள்.

ஒரு ஞாயிறு, மந்திரவாதி கப்பலின் கயிற்றை அறுத்துவிட்டான். கப்பல் ஆற்றை நோக்கி விழத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன். வேறு வழியில்லை, தாள் அதோடு முடிந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருக்கும் என் அத்தை விருட்டென்று எழுந்து உள்ளே போய், மஞ்சள் துணி ஒன்றோடு வந்தாள். "மாரியாத்தா! அந்தத் தாயில்லாப் புள்ள உசுரோட வந்துட்டா என் சேவல உனக்கு அறுத்துர்றேன்!" என்று சொல்லி, துணியைப் புத்தகத்தின் மேலேயே கட்டினாள்.

அது சாதாரணச் சேவல் அல்ல. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் மலைக்கு இந்தப் பக்கம் எட்டாது. எங்கள் லயம் எழும்புவதே அந்தச் சேவலின் தொண்டையால்தான். அத்தை அதற்குத் தன் தட்டிலேயே சோறு வைப்பாள்.

மறுநாளே பெரியம்மா என்னை மறித்தாள். "வர்ற ஞாயித்துக்கெழம தப்பிச்சிருவாளா, பாப்பா? மசால அரைக்கணும்ல."

புதன்கிழமை தண்ணீர்ப் பீலியடியில் அத்தை குடத்தை நிரப்பாமலே நின்றாள்.

"பாப்பா, அந்தப் புள்ள பொழைக்குமா?"

"ஏன் அத்தே?"

"இல்ல… அவசரப்பட்டு நேந்துட்டேன். நீதான் முழுசாப் படிச்சவளாச்சே." குரலைத் தாழ்த்தினாள். "செத்தா என்னா? வெள்ளக்காரப் புள்ளதானே? நம்மளுக்கு மாமனா மச்சானா?"

எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது. பிழைக்க வைப்பதற்கு நிறைய யோசிக்க வேண்டும். சாகடிப்பதற்கு இரண்டு வரி போதும்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பு கொள்ளவில்லை. மஞ்சள் துணியை ஒதுக்கிப் புத்தகத்தைத் திறந்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வாசித்தேன். "கப்பல் ஆத்துல விழுந்துச்சு. பனி மூடிக்கிச்சு. தொப்பி மட்டும் மெதந்துச்சு. முற்றும்."

ஒரு விம்மல் கேட்டது. மசாலாவைப் பறிகொடுத்த பெரியம்மாவாக இருக்கும் என்று நிமிர்ந்தேன். அழுதது அத்தை. நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நாரி வலியோட போனியேடி என் கண்ணே, ஒன்னப் பெத்தவ இருந்தா விட்டிருப்பாளா" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாள். அப்புறம் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீயெல்லாம் படிச்சவளா? ஒழுங்காப் பாருடி! ஒரு புள்ளைய அப்பிடியா விட்டுட்டு வருவ?"

என் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. விரலை எச்சிலில் தொட்டுக்கொண்டு வெற்று அட்டையைப் புரட்டினேன்.

"ஐயோ அத்தே, ரெண்டு தாளு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு!"

அந்த அட்டையில் அரை மணி நேரம் வாசித்தேன். தொப்பி ஊசி பாலத்தில் மாட்டிக்கொண்டது. தொப்பிக்காரி அதைப் பிடித்து ஏறினாள். மந்திரவாதியை அவனுடைய போத்தலிலேயே அடைத்தாள். அப்பா விடுதலையானார். நாரி வலியையும் சுகமாக்கி விட்டேன். பெண்கள் கைதட்டினார்கள்.

"அப்ப மசால அரைக்கலாமா?" என்றாள் பெரியம்மா.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கூரைத் தகரத்தின் மேல் நின்ற சேவலை ஒரு பார்வை பார்த்தாள். "அரைங்க," என்றாள்.

கோயிலடியில் அறுத்து, அன்று ராத்திரியே சமைத்தார்கள். "வாசிச்சுத் தொண்ட காஞ்சிருக்கும்" என்று அத்தை ஈரலை எனக்கு வைத்தாள். தனக்குக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டாள். வேகாத அட்டையைப் போலத்தான் அந்த ஈரல் எனக்கு இறங்கியது. ஆனாலும் முழுதாகத் தின்றேன்.

மறுநாள் எங்கள் லயம் முழுவதும் அசந்து தூங்கிப்போய், வெயில் ஏறிய பிறகு பிரட்டுக்களத்துக்கு ஓடியது. பரீட்சை முடிவு வரும்வரை நானும் வேலைக்குப் பெயர் பதிந்திருந்தேன், நானும் ஓடினேன்.

கங்காணி இடுப்பில் கைவைத்து நின்றார். "என்னா, முழு லயமும் செத்தா போச்சு?"

அத்தைதான் முன்னுக்குப் போனாள். கூடையை இறக்கவுமில்லை, தலை குனியவுமில்லை.

"செத்தது சேவல்ங்க ஐயா. லண்டன்ல ஒரு புள்ள பொழச்சிருச்சு."