கொள்ளு மேய வந்த வரித்தலை வாத்துகள்

கெலவரப்பள்ளி அணையோரம் ராமப்பனுக்கு அரை ஏக்கர் கொள்ளுக் காடு. மார்கழியில் வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை, மற்றபடி சாம்பல் உடம்பு. துளிரை அடியோடு மேய்ந்துவிடும்.

அந்த வருசம் அவர் மனைவி நாராயணம்மா படுக்கையில் கிடந்தாள். வாதம் அடித்து வலது கை கால் விழுந்திருந்தது, பேச்சும் இல்லை. தலை இடப்பக்கமே சாய்ந்திருக்கும். பயிற்சி கொடுக்க வந்த பெண், வலப்பக்கம் தானாகத் திரும்பிப் பார்த்தால்தான் தேறுவாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ராமப்பன் கட்டிலை இழுத்து, ஜன்னல் அவளுக்கு வலப்பக்கம் வரும்படி போட்டார். புரட்டிப் படுக்க வைப்பார், முதுகு துடைப்பார், தலையை நிமிர்த்திப் பிடித்துக் கஞ்சி கொடுப்பார். கூப்பிட்டும் பார்ப்பார். அவள் திரும்பவில்லை.

விடியலில், ராத்திரி ஷிப்ட் முடிந்து மகள் மாதேஸ்வரி வந்ததும் இவர் காட்டுக்குப் போவார். தகரம் தட்டிப் பார்த்தார், வாத்துகள் அசையவில்லை. ஊரார் செய்கிறபடி, மாநில எல்லைக் கடையில் தீபாவளிக்கு விற்காமல் கிடந்த பட்டாசை வாங்கிவந்து கொளுத்தினார். கூட்டம் மொத்தமும் எழும்பி அணையைத் தாண்டிப் போனது.

வீட்டில் மாதேஸ்வரி வாசலிலேயே நின்றாள்.

"என்னப்பா பண்ணின? நாலஞ்சு நாளா அந்த வாத்துச் சத்தம் கேட்டா அம்மா ஜன்னல் பக்கம் திரும்புது. நெசந்தானான்னு பாத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

ராமப்பன் கைகால் கழுவாமல் போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தார்.

மறுநாள் வாத்துகள் வரவில்லை. மாதேஸ்வரி போனில் அதே சத்தத்தைத் தேடிப் போட்டாள். நாராயணம்மா சுவரையே பார்த்தாள். இவை இமயமலையைத் தாண்டி வருகிற பறவைகள் என்று போனில் படித்தும் காட்டினாள்.

"அவ்ளோ ஒசரம் ஏறி வந்ததுங்கள நான் ஒரு சரம் கொளுத்தித் தொரத்திட்டனே" என்றார்.

மீதிப் பட்டாசைத் தண்ணீரில் ஊறப்போட்டார். கொள்ளுக்குக் காவல் போகவில்லை. வாத்துகள் வடக்கே திரும்புகிற பங்குனி வரை விடியலில் ஜன்னலைத் திறந்து வைத்தார்; அவை வரவில்லை. ஆவணியில் நாராயணம்மா போய்விட்டாள். கவனிப்பில் குறையில்லை, முதுகில் ஒரு புண் கிடையாது.

அடுத்த மார்கழியில் வாத்துகள் வந்தன. பக்கத்துக் காட்டு ஆஞ்சப்பன் சரவெடியோடு ஓடிவந்தார்.

"அண்ணா, மொத்தத்தையும் மேயுதுங்க. நெருப்புப் பெட்டி குடு."

"மேயட்டும் விடு. உன் காட்டுக்கு வந்தா இங்க ஓட்டி விடு."

"அண்ணிதான் இல்லையே, இப்ப எதுக்குண்ணா?"

ராமப்பன் வரப்பில் உட்கார்ந்தார். நெருப்புப் பெட்டி அவர் மடியிலேயே இருந்தது. அந்த வருசம் ஒரு படி கொள்ளுகூட வீட்டுக்கு வரவில்லை.