மாமனாரின் சிம்ம ராசி மன்னர்

கரும்பலகையில் அவர் முதலில் எழுதுவது மன்னரின் பெயரை அல்ல. ராசிக் கட்டம் போடுவார். பன்னிரண்டு வீடுகளில் ஒன்றில் மட்டும் சாக்பீஸால் அழுத்தி ஒரு புள்ளி வைத்துவிட்டு, "இந்த வீட்டுல பொறந்த ஆளு எப்படி இருப்பாரு, சொல்லுங்கலே" என்று வகுப்பைக் கேட்பார். அதற்குப் பிறகுதான் படையெடுப்பு, வெற்றி, வரி, மரணம் எல்லாம் வரும். பக்கத்து அறையில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு, நடுவில் இருந்த மூங்கில் தட்டியைத் தாண்டி அந்தக் குரல் கேட்கும். என் மாணவர்கள் பிராணவாயுவை விட்டுவிட்டு அங்கே காது கொடுப்பார்கள். சில நாள் நானும்தான்.

ஐம்பதுகளின் நடுவில், ராமநாதபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி அது. அவர் சரித்திர ஆசிரியர்; பிற்பாடு என் மாமனார். அந்தப் பிற்பாடு லேசில் வந்துவிடவில்லை. அதற்கு ஒரு மன்னர் ராசி மாற வேண்டியிருந்தது.

அவரிடம் படித்த பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். டெல்லி சுல்தான் ஒருவர் தலைநகரை ஏன் மாற்றினார் என்ற கேள்விக்கு, "மிதுன ராசி, ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது" என்று எழுதி வைத்திருப்பார்கள். ஜாதகம் கிடைக்காத மன்னர்களுக்கு அவர்கள் செய்த காரியத்திலிருந்து ராசியைக் கண்டுபிடிப்பார். பிறகு அந்த ராசியை வைத்தே காரியத்தை விளக்குவார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "இரும்புத்தூளு நகர்றதப் பாத்தே உள்ள காந்தம் இருக்குன்னு நீங்க சொல்லலையா சார்? அது மாதிரிதான்" என்றார்.

எல்லா மன்னர்களிலும் அவருக்கு உயிரானவர் எங்கள் ஊரை ஆண்ட பழைய சேதுபதிகளில் ஒருவர். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவருடைய ராசியை மாற்றிச் சொன்ன பாவமே எங்கள் குடும்பத்துக்குப் போதும். அந்த மன்னர் சிம்மம் என்பதில் இவருக்குச் சந்தேகமே கிடையாது. சட்டென்று கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல வராது. கண்மாய் வெட்டும் இடத்தில் குடை வேண்டாமென்று வெயிலில் நிற்பார். "சிம்மமில்லாம வேற என்ன?" என்று மேசையைத் தட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் என் அய்யா கடலாடிப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அவருடைய மகளை எனக்குப் பெண் கேட்டார். பெண் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. தகப்பனாரின் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க எங்கள் பள்ளி நூலகத்துக்கு வந்தபோது இரண்டு முறை பார்த்திருந்தேன். இரண்டாவது முறை அவளும் பார்த்தாள். பொருத்தம் பத்துக்கு எட்டு இருந்தது. ஆனாலும் அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "குடும்பத்துல ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ள மீனமால்ல இருக்காரு? ஒரு மீன் இங்கிட்டுப் பாத்தா இன்னொண்ணு அங்கிட்டுப் பாக்கும். எடுத்த முடிவுல நிக்க மாட்டாரு."

அய்யா எழுந்து வந்துவிட்டார். நான் பஸ் ஏற்றிவிடப் போனபோது நடந்ததைச் சொன்னார். "ஏலே, ஒன்னைய மீனுன்னுட்டாருல்ல." வருத்தம்தான், ஆனாலும் இருவரும் சிரித்துவிட்டோம். மறுநாள் வழக்கம்போல ஆசிரியர் அறையில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தோம். நான் மட்டும் பாதியிலேயே எழுந்து வகுப்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பள்ளி மண்டபத்தில் அந்தச் சேதுபதியின் படத்தைத் திறந்துவைக்க ஏற்பாடாயிற்று. சிறப்புரை அவருடையது. நாற்பது பக்கம் எழுதினார். மகள்தான் அழகான கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தாள். எங்கள் தலைமையாசிரியர் கீழக்கரைக்காரர், கப்பல் வியாபாரக் குடும்பம். அவர் என்னைக் கூப்பிட்டு, "ராமேசுவரம் கோயிலுக்கு அந்த ராஜா என்னென்ன செஞ்சிருக்காருன்னு கேட்டு எழுதிட்டு வாங்க. வரவேற்புரையில சேத்துக்கலாம். சரித்திர சார அனுப்புனா ராசியத் தவிர வேற ஒண்ணும் வராது" என்றார்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துபோகும் நேரமெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே போனேன். கோயிலில் வயதான குருக்கள் ஒருவர் நிதானமாக எல்லாம் சொன்னார். மண்டபத் திருப்பணி, யாத்திரிகர்களுக்குச் சத்திரம், நந்தவனம். கடைசியில், "இன்னிக்கும் மாசாமாசம் ரேவதி அன்னிக்கு அவர் பேர்ல அர்ச்சனை நடக்கறது. ஜன்ம நட்சத்திரம் அதானே" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. ரேவதி என்றால் மீனம். எனக்கும் ரேவதிதான்.

"நல்லாத் தெரியுமா சாமி?"

"எங்க தாத்தா பண்ணினார், அப்பா பண்ணினார், நான் பண்ணிண்டிருக்கேன். உங்க விழாவுக்கும் அழைச்சிருக்கா, வரேன்."

திரும்பும் வண்டியில் எனக்குச் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. நான் போய்ச் சொன்னால், பெண் கிடைக்காதவன் கட்டிய கதை என்பார். சொல்லாவிட்டால், குருக்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அந்த மனிதர் நானூறு பேர் முன்னால் சிம்மம் சிம்மம் என்று முழங்கித் தலைகுனிவார். என்னை வேண்டாமென்றவர் அவமானப்படட்டுமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்கவில்லை. மண்டபம் ஸ்டேஷன் வருவதற்குள் அந்த நினைப்பு வெட்கமாக மாறிவிட்டது.

நேராக அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"யாரு சொல்லச் சொன்னா ஒங்கள? மீனமாம், மீனம்!"

"நான் சொல்றத நம்ப வேண்டாம் சார். இதுல எனக்கு ஆதாயம் இருக்கு. நீங்களே ஒரு நடை போயிக் கேட்டுட்டு வந்துருங்க. விழாவுக்கு இன்னும் ரெண்டு நாள் கெடக்கு."

கதவருகே நின்ற மகள், "போயிட்டுத்தான் வாங்களேன், அய்யா" என்றாள்.

காலை வண்டியில் போனார். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். இதைக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்னாள். நாற்பது பக்கத்தையும் எடுத்துப் புரட்டியிருக்கிறார். அவள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்:

"கோவம் வந்த வேகத்துல போயிரும், இல்லைன்னு சொல்ல வராது, கொட பிடிக்க மாட்டாரு. படி எடுக்கையிலேயே நெனச்சேன். இது யாரய்யா?"

அவர் அவளையே பார்த்திருக்கிறார். பிறகு வீடே அதிரச் சிரித்திருக்கிறார். என் மாமனார் சிம்ம ராசி, மக நட்சத்திரம்.

விழாவன்று அந்தக் காகிதக் கட்டு இல்லாமல் மேடையேறினார். முன்வரிசையில் குருக்கள். நான் பின்னால் தூணோரம் நின்றேன். "முப்பது வருசமா இந்த மன்னர சிம்மம்னு சொல்லிக்குடுத்தேன். இங்கன இருக்குற பாதிப் பேரு என்கிட்டப் படிச்சவுகதான். அது தப்பு. அவரு மீனம். நான் எழுதி வச்சிருந்ததெல்லாம் அவரப் பத்தி இல்ல, என்னைப் பத்தி" என்றார். "அவருக்குக் கோவம் வருமா, வராதான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சத மட்டும் சொல்றேன்" என்று தொடங்கி, சத்திரம், நந்தவனம், கண்மாய் என்று கால் மணி நேரம் பேசினார். அவர் பேசியதிலேயே மிகச் சிறிய உரையும் மிக நல்ல உரையும் அதுதான். நன்றி சொல்ல வந்த தலைமையாசிரியர், "கடல்கரை ராஜா மீனமா இருக்குறதுதானே மொறை? எங்க ஆளுகளக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்போம்" என்றதும் மண்டபம் கலகலத்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிராமத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெண்ணைப் பெற்றவர் மறுத்த இடத்துக்கே திரும்பி வருவது அந்த நாளில் சின்ன விஷயமில்லை. அய்யா வரவேற்று உட்காரவைத்தார்; ஆனால் விடவில்லை. "ராஜாவும் மீனமுன்னு தெரிஞ்சதுனால வந்தீகளா?"

"இல்லங்க. தனக்கு ஆதாயம் இருக்கு, தன்னை நம்ப வேண்டாம், நீங்களே போயிப் பாருங்கன்னு ஒங்க மகன் சொன்னாரு. எந்த ராசிக்காரன் அப்படிச் சொல்லுவான்னு ரெண்டு நாளு யோசிச்சுப் பாத்தேன். எந்தக் கட்டத்துலயும் அடங்கல."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஜோசியத்தை அவர் விட்டுவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் பாதிப் பேருக்குக் கடைசிவரை அவர்தான் ஜாதகம் கணித்தார். கரும்பலகையில் மட்டும் கட்டம் போடுவதை நிறுத்திவிட்டார். இப்போது நானே அவர் வயதைத் தாண்டிவிட்டேன். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் கணிப்பொறியில் எடுத்த ஜாதகத்தோடு வந்து, அவர் மருமகனாயிற்றே என்று என்னிடம் குணம் கேட்கும்போது, எங்கள் மூத்த மகள் பிறந்த அன்றைய காட்சிதான் கண்முன் வரும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிறந்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கணித்தார். சுற்றி நின்ற உறவுக்காரர்கள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்கள்: "புள்ளை குணம் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அது இன்னும் ஒண்ணும் செய்யலையே. செஞ்சபெறகு சொல்றேன்."