இலை பாத்திரமல்ல

டைபாய்டு எனக்கு வந்தது கார்த்திகையில். தை முடிவதற்குள் அதை என் மனைவிக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில், அவள் கேட்காமலே நான் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒண்டுக்குடித்தனம். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் எனக்கு வேலை. புடவையை உதறிப் போட்டு, வந்தவர்களைச் சிரிக்க வைத்தே விற்றுவிடுவேன். இருபத்தோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது. பயம் மட்டும் நன்றாகத் தேறியிருந்தது. அதை ஊட்டி வளர்த்தவர், பார்க்க வந்த கடை சகா ஒருவர். "இது திரும்பி வந்தா குடல் ஓட்டையாயிடுமாமேங்க" என்றார். கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்து, பேச்சுவாக்கில் அவரே தின்றுவிட்டும் போனார்.

அன்று முதல் தெர்மாமீட்டரும் நானும் பிரியவில்லை. ஒரு நாள் நூற்று நான்கு காட்டியது. மனைவியை ஜட்கா பிடிக்க ஓடவிட்டு, டாக்டர் வருவதற்குள் யார் யார் அழுவார்கள் என்று கணக்குப் பார்த்து முடித்திருந்தேன். டாக்டர் நாடி பிடித்தார். பக்கத்திலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தார்.

"கஞ்சி குடிச்சிட்டு உடனே வாயில வச்சீங்களா?"

"ஆமாங்க."

"காய்ச்சல் கஞ்சிக்குத்தான். உங்களுக்கு இல்ல."

கிளம்பும்போது அவர் இரண்டு விஷயம் சொன்னார். நான் சாப்பிடும் பாத்திரத்தைத் தனியாக வைத்து, கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். கொல்லைப்பக்கம் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முதலாவதை மகிழ்ச்சியோடு ஏற்றேன். அது மனைவியின் வேலை. இரண்டாவது என் வேலை. பச்சைத்தண்ணீர் பட்டால் ஜன்னி வந்துவிடும் என்று நடுங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

"வெந்நீர்கூட வச்சிருக்கேனே, கழுவுங்களேன்" என்பாள் அவள்.

"வெந்நீர்ல கழுவிட்டுக் காத்துப் பட்டா அது இன்னும் மோசம்டி."

பிறகு அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால், "போட்டாச்சு, சோப்பு போட்டாச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

முதல் சோறு போடும் நாள் வந்தது. அன்றுதான் என் மூளை உச்சத்தில் வேலை செய்தது. "தட்டு எதுக்கு? இலை போடு. சாப்பிட்டதும் தூக்கி எறிஞ்சிடலாம், கொதிக்க வைக்கிற வேலையே இல்ல" என்றேன். குழைந்த ரசம் சாதம். நாலு வாய் போனதும் குடலில் ஓட்டை விழுகிற சத்தம் எனக்கே கேட்டது. இலையை ஒதுக்கிவிட்டேன்.

கல்யாணத்தன்றிலிருந்து அவள் என் இலையில்தான் சாப்பிடுவாள். அன்றும் வந்து உட்கார்ந்தாள். ஒரு கணம் தயங்கினாள். "டாக்டர் தனியா வைக்கச் சொன்னாரே?"

"அவர் பாத்திரத்தைச் சொன்னாரு. இலை பாத்திரமா?"

நான் விட்ட மிச்சத்தோடு தன் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படியே நடந்தது. சிறிது நாளில் அவள் படுத்துவிட்டாள்.

அவள் நெற்றியைத் தொட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, எனக்கு இனி யார் கஞ்சி வைப்பார்கள் என்பது. அடுத்து, அது அவளிடமிருந்து மறுபடி என்னிடம் வந்துவிடுமோ என்பது. என் பாயைச் சுருட்டி எதிர்ச் சுவரோரம் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் வந்து விசாரித்தார். இலை விவகாரத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"சோப்புப் போட்டுக் கை கழுவினீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாயிலிருந்து பதில் வந்தது. "அதெல்லாம் ஒழுங்கா கழுவுவாருங்க."

"கழுவலைன்னா என்ன ஆகும் டாக்டர்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றேன்.

"கழுவாத கையால பிசைஞ்ச சோத்தை அவங்க தின்னிருந்தா, நீங்களே விஷத்தை ஊட்டின மாதிரி."

தலையாட்டினேன். வாடிக்கையாளர் குறை சொல்லும்போது கடையில் ஆட்டுவேனே, அதே ஆட்டல்.

நாலு வாரம் கிடந்தாள். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. ஒரு நாள் பிழைப்பாளா என்று கேட்டேன். "ரெண்டு நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் செருப்பை மாட்டினார். அந்த இரண்டு நாளில் நான் கை கழுவிக் கழுவியே ஒரு சோப்பைக் கரைத்தேன். யாருக்காக என்று கேட்காதீர்கள்.

பிழைத்துவிட்டாள். அவளுக்கு முதல் சோறு நான்தான் குழைய வடித்தேன், இலை போட்டேன். சுவரில் சாய்ந்து அவள் சாப்பிட, இடப்பக்கம் உட்கார்ந்து, ஒரு வாரமாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "நான் சோப்புப் போடலை. பொய் சொன்னேன். என்னாலதான் உனக்கு இது வந்தது."

அவள் ரசத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு கோபத்தை அவளிடம் நான் பார்த்ததில்லை. கை தவறி, அவளுக்காக எடுத்த பித்தளைச் சொம்பு கீழே விழுந்து கணகணவென்று உருண்டது. தண்ணீர் ஓடி இலையைத் தொட்ட பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, சத்தமில்லாம எதுக்குத் தண்ணியக் கொட்டறீங்க?"

டாக்டர் வந்து அவள் இரண்டு காதருகேயும் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். சில பேருக்கு இந்தக் காய்ச்சல் போகும்போது இப்படி எதையாவது எடுத்துக்கொண்டு போகும் என்றார்.

வலது காது சில வாரத்தில் திரும்பிவிட்டது, இப்போது நன்றாகக் கேட்கிறது. இடது காது திரும்பவே இல்லை. என் ஜோக்குகளை எல்லாம் வலப்பக்கம் உட்கார்ந்துதான் சொல்கிறேன். அவளும் சிரிக்கிறாள். சோப்பு விஷயத்தை மட்டும் அந்தப் பக்கம் போய் இன்னும் சொல்லவில்லை.