ரூத் எட்டிப் பார்த்தாளா?

நாற்பத்து மூன்று வயதில் ரூத்தின் மேல் இரண்டாவது முறையாகக் காப்பியடித்த சந்தேகம் விழுந்தது. முதல் முறை பத்தாம் வகுப்பில். செய்யூரில் சவுக்கு வெட்டப் போகும் வீட்டுப் பெண் அரையாண்டுக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதைத் தலைமையாசிரியர் நம்பவில்லை. தனி அறையில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் நூறு. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

இப்போது அவள் சிறுசேரியில் மென்பொருள் சோதனைக் குழுவுக்குத் தலைவி. அடுத்தவர் செய்ததில் ஓட்டை இருக்கும் என்று சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். சிறு விமானம் ஓட்டும் உரிமம் கையில் இருக்கிறது. ஆனால் அது தெளிந்த வானத்துக்கு மட்டும். மேகத்துக்குள் போக வேண்டுமானால், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டத் தெரிய வேண்டும். இந்த ஆகஸ்டில் அதற்குத்தான் பயிற்சி. பயிற்றுநர் பரணிதரன் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வுக்குப் போகலாம். அவளைவிட மிகவும் இளையவர், பேச்சில் மரியாதை, பார்வையில் போலீஸ்.

பயிற்சியின்போது நெற்றியில் நீளமான பிளாஸ்டிக் மறைப்பு ஒன்றை மாட்டிக்கொள்ள வேண்டும். எதிரே கருவிப் பலகை தெரியும். கடலும் கரையும் தெரியாது. ஒரு நாள் காலை, மாமல்லபுரத்துக்கு மேலே, திசை காட்டும் கருவியையும் பரணிதரன் ரப்பர் மூடியால் மறைத்தார். இனி கடிகாரம்தான் துணை. சீராக ஒரு நிமிடம் திரும்பினால் விமானம் நேர் எதிர்த் திசைக்கு வந்துவிடும்.

ரூத் வடக்கிலிருந்து தெற்கே திரும்பினாள். கச்சிதம். இன்னொரு முறையும் கச்சிதம். மூன்றாவது முறை அவர் அவள் கண்களையே பார்த்தார். அவை கடிகாரத்துப் பக்கமே போகவில்லை. ஆனாலும் திருப்பம் கச்சிதம்.

தரையிறங்கியதும் கேட்டுவிட்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. மறைப்புச் சந்துல கீழ எட்டிப் பாக்குறீங்களா?"

"இன்னா சார் பேசறீங்க?"

"கடிகாரம் பாக்காம எப்படி நிறுத்துறீங்க? கரை தெரிஞ்சாதான் முடியும்."

"தெரியல சார். தானா வந்துடுது."

"தானா வந்துடுதுன்னு நான் கையெழுத்து போட முடியுமா?"

கூடுவாஞ்சேரி வீட்டில் கணவன் ஜோயல் இட்லியைப் பிட்டபடி சிரித்தான். "இன்னா ரூத்து, மறுபடியும் பிட்டு அடிச்சிட்டியா?"

"வாய மூடிகினு துண்ணு."

"பாத்திருந்தா பாத்தேன்னு சொல்லிடு. பேஜாரு வுட்டுதுல்ல?"

இவனும் நம்பவில்லை. அதைவிட மோசம், அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கண் தன்னையறியாமல் கீழே போயிருக்குமோ?

அடுத்த வகுப்பன்று வானம் முழுக்க மூட்டம். அதே ரப்பர் மூடி, அதே திருப்பம். தெற்கு என்று நம்பி அவள் நிறுத்தியபோது விமானத்தின் மூக்கு நடுக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேகமெல்லாம் மேலதான் இருந்துச்சு, கரை பளிச்சுனு தெரிஞ்சுது," என்றார் பரணிதரன் இறங்கியதும். "நான் கண்ண எடுக்காம பாத்துகினே இருந்தேன். எட்டிப் பாக்க வழியில்ல. அதான் இன்னிக்கு இப்படி."

கார் ஜோயலிடம் இருந்தது. விமானத் தளத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து, வீட்டுக்கு வடக்கே போகும் பஸ்ஸைப் பிடித்தாள். மூட்டம் கலைந்து காலை வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஏறியவள் யோசிக்காமல் இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். வலது பக்க ஜன்னல் சீட்டெல்லாம் காலி. ஏறிய எல்லாருமே வெயில் விழும் பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கமாகவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ரூத் கண்ணை மூடினாள். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. சூடு கழுத்திலிருந்து கன்னத்துக்கு ஏறியது.

செங்கல்பட்டு வருவதற்குள் பரணிதரனை போனில் பிடித்துவிட்டாள்.

"சார், இன்னிக்கும் கரை தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க. நான் எட்டிப் பாக்குற திருடியா இருந்தா, அதப் பாத்துத் தப்பைத் திருத்தியிருப்பேன்ல? நீங்க காவல் இருந்தது இன்னிக்கு மட்டுமா? மூணாவது தடவையும்தான் என் கண்ணையே பாத்தீங்க. அன்னிக்குக் கீழ போச்சா?"

"இல்ல மேடம். அப்போ எப்படித்தான் நிறுத்துனீங்க?"

தெரியவில்லை என்று சொல்லி அவள் வைத்திருக்கலாம். திருட்டுப் பெயர் நீங்கிவிட்டது, தேர்வுக்கும் போயிருக்கலாம். தன் குழுவில் யாராவது இப்படி ஓட்டையை மறைத்தால் அவள் விடுவாளா?

"வெயில் சார். காலையில இடது கன்னத்துல சுட்டா தெக்கு. வெயில் படாத சீட்டு புடிச்சுப் புடிச்சே வளந்தவ நான். கருவியப் பாத்து ஓட்டவே இல்ல."

பரணிதரன் சத்தமாகச் சிரித்தார். "பஸ் பாஸு வேல செஞ்சிருக்கு! சாரி மேடம். நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"சாரி இருக்கட்டும். கையெழுத்து?"

"மேகத்துக்குள்ள கன்னம் சுடாது மேடம்," என்றார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

கையெழுத்து விழவில்லை. திங்கட்கிழமை முதல் ரூத்தின் வகுப்பு காலை ஏழு மணிக்கு இல்லை. சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும் நண்பகலுக்கு மாற்றியிருக்கிறார்கள்.