பெல்ஜியம் புறாக்கள்

சங்கரேஸ்வரி வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்தபோது மாடியில் பன்னிரண்டு புறாக்கள்தான் இருந்தன. ஒன்பது வருஷத்தில் அறுபதாகிவிட்டன. புருஷன் முத்துராஜுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. நினைப்பெல்லாம் மாடியில். அத்தனையும் பெல்ஜியம் வம்சத்துப் பந்தயப் புறாக்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேர்ந்துவிடும்.

பெல்ஜியம் என்று ஆரம்பித்தால் அவன் வாய் ஓயாது. முதல் உலகப் போரில் ஜெர்மன்காரன் அந்த நாட்டைப் பிடித்ததும், சேதி கொண்டுபோய்விடும் என்று பயந்து புறாக்களைப் பறித்துக்கொண்டானாம். சில வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெட்டைப் புறா பதினாலு கோடிக்கு ஏலம் போனதாம். அந்த நாட்டுக்காரர்களின் வித்தை ஒன்றையும் யூடியூபில் பார்த்துப் படித்திருந்தான். அதற்கு விதவை முறை என்று பேர். ஆணையும் பெட்டையையும் ஜோடி சேர்த்துப் பிறகு பிரித்துவிட வேண்டும். பந்தயக் கூடையில் ஏற்றும் முன்னால் ஆணுக்குப் பெட்டையைப் பத்து நிமிஷம் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.

“தண்ணிக்குக்கூட எறங்காது பாத்துக்கோட்டி. நேரா வீடுதான்” என்று சிரிப்பான்.

காட்டுவதும் பிடுங்குவதும் சங்கரேஸ்வரியின் வேலை. இரை போட்டு, எச்சம் சுரண்டி வளர்த்த கைக்குத்தான் அவை அடங்கும். பிந்தி வந்த புறாவின் கழுத்தைத் திருகுவதை மட்டும் அவன் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருமுறை அடி தாங்காமல் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். அவன் தடுக்கவில்லை. மகள் ஸ்வாதியை மட்டும் பிடித்து நிறுத்திக்கொண்டான். “நீ போ. பிள்ள இங்கன இருக்கட்டும்.” சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். வாசலில் நின்று போனில் மணி பார்த்தான். “அஞ்சே முக்கா. நல்ல டைமுதான்” என்றான்.

போன மாசியில் நெல்லூர்ப் பந்தயம். சாம்பல் நிறத்து ஆண்புறா ஒன்றை அவன் மலைபோல நம்பியிருந்தான். கூடை கிளம்பிய மறுநாளே அதன் பெட்டையைச் சுரண்டை நண்பன் கேட்டான் என்று கொடுத்தனுப்பிவிட்டான்.

“வந்து தேடுமேங்க.”

“தேடட்டும். உள்ள வந்து, கால் வளையத்தக் கழட்டிக் கடியாரத்துல போட்டாத்தான் பந்தயக் கணக்கு. போட்டாச்சுன்னா அதோட சோலி முடிஞ்சுது.”

ஞாயிறு விடியலில் நெல்லூரில் பறக்கவிட்டார்கள். நாலரைக்குச் சாம்பல் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து விழுந்தது. பருந்து கிழித்த நெஞ்சில் ரத்தம் உறைந்திருந்தது. ஒரு கால் தொங்கியது. அதுவரை ஜில்லாவில் வேறெந்தப் புறாவும் வந்திருக்கவில்லை. கூண்டு வாசல்வரை நொண்டிப் போய் எட்டிப் பார்த்தது. பெட்டையின் இடம் காலி. திரும்பவும் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து குமுறிக் குமுறிக் கூப்பிட்டது. சங்கரேஸ்வரி சோளத்தை நீட்டினாள். முத்துராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு நிமிஷம் கழித்துத்தான் அவள் கைக்கு வந்தது. அதற்குள் கடையநல்லூர்க்காரனின் புறா ஜெயித்துவிட்டது.

“ஒரு வாய் தண்ணி குடிக்கட்டும்ங்க.”

“குடிச்சு?”

அவள் கையில் வைத்தே திருகினான். ஸ்வாதி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவன் கடைக்குப் போனதும் சங்கரேஸ்வரி கூண்டுகள் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். தட்டை அடித்து விரட்டினாள். மொத்தக் கூட்டமும் எழும்பிக் குற்றால மலைப் பக்கம் போயிற்று. மூட்டைச் சோளத்தைச் சாக்கடையில் கொட்டினாள். என்ன அடி விழுந்தாலும் விழட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் முத்துராஜ் வந்தபோது எல்லாம் திரும்பி வந்து அதனதன் அறையில் நின்றன. திறந்து கிடந்த கதவுகளையும் காலி மூட்டையையும் பார்த்தான். அடிக்கவில்லை.

“அதுக எங்கட்டி போவும்?” என்று சிரித்தான். “பசியில நிக்கி. இரையப் போடு.”

கீழே போய் ரேஷன் அரிசியை அள்ளி வந்து போட்டாள். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஸ்வாதி மாடிக்கு வருவதில்லை. அம்மா அந்தக் கையால் சோறு பிசைந்தால் தின்பதுமில்லை.